காரமடையில் மூன்றாவது மண்டபம்

ஜெர்மனிக்குப் போய்வந்ததை நம் சங்க இதழில் ஐந்து மாதம் எழுதினேன். சீனாவுக்கு இரண்டு தடவை போனதையும் எழுதினேன். அந்தப் பாம்புக்கறி விஷயத்தை இன்னமும் போன் போட்டுக் கேட்கிறார்கள். இந்த முறை ஊர் காரமடை. பீளமேட்டிலிருந்து ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஒன்றரை. பாஸ்போர்ட் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம். ஆனால் ஷாங்காயில் தொலையாத நான் காரமடையில் தொலைந்தேன். இதை எழுதாமல் விட்டால் முன்னே எழுதினதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

புது வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். பன்னிரண்டு வயதில் லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டினேன். இன்றைக்கு நம் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் என் பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இது பெருமைக்குச் சொல்வதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

காரமடையில் காதுகுத்து. குழந்தை கவிதாவின் பெண். கவிதா என் தங்கை மகள். தங்கை இப்போது இல்லை. கவிதாவுக்கு உடன்பிறந்தவனும் கிடையாது. ஆகவே அவளுக்குத் தாய்மாமனான நானேதான் அவள் குழந்தைக்கும் தாய்மாமன் முறையைச் செய்ய வேண்டும். நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். தோடு மாமன் கொண்டுவர வேண்டும். குழந்தை மாமன் மடியில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆசாரி ஊசியை எடுப்பார்.

கவிதாவுக்குக் காது குத்தியபோது நான் போகவில்லை. ராஜ்கோட்டில் மெஷின் கண்காட்சி. தோட்டை மேனேஜரிடம் கொடுத்தனுப்பினேன், நல்ல கனமான தோடுதான். அவளை யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் குத்தினார்கள். அந்தப் போட்டோ சோமனூரில் அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அழுகிற குழந்தையும் ஒரு மடியும் தெரியும். மடிக்காரரின் தலை படத்தில் விழவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் சோமனூர் போனோம். விசேஷ வேலைக்கு ஒத்தாசையாக அவளை அங்கே விட்டுவிட்டு நான் திரும்புவதாக ஏற்பாடு. கவிதாவின் வீட்டுக்காரர் செந்திலுக்கு எட்டுத் தறி. தறி ஓடும்போது அந்த வீட்டில் பேச்சு காதில் விழாது, உதட்டைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் போனதும் நிறுத்தச் சொன்னார். பெரிய மரியாதை அது. மதியத்துக்குக் கவிதா சந்தவை பிழிந்திருந்தாள். தேங்காய்ப்பால் ஊற்றி, நாட்டுச் சர்க்கரை போட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஜெர்மனியில் ஒரு வாரம் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றபோது நான் கனவு கண்டது இந்தச் சந்தவையைத்தான்.

“மாமா, ராத்திரிக்கு இங்கியே இருந்துபோட்டுக் காலையில எங்ககூட வேன்ல வந்துருங்க” என்றாள் கவிதா.

“தோடு சாயங்காலந்தான் கைக்கு வருது கண்ணு. ஆசாரிகிட்ட நானே பாத்து வாங்கோணும். காலையில நேரா மண்டபத்துக்கு வந்துர்றேன்.”

“வந்துருவீங்கல்லொ?”

“என்ன கண்ணு இப்படிக் கேக்கற? ஷாங்காய்ல தன்னந்தனியா மூணு ரயில் மாறிப் போனவன் நானு.”

என் வீட்டுக்காரி தேங்காய்ப்பால் சொம்பைக் கீழே வைத்தாள். “அப்ப இவரு கழுத்துல ஓட்டல்காரன் ஒரு அட்டையக் கட்டி உட்டிருந்தான் கண்ணு. காணாமப் போனா திருப்பிக் கொண்டாந்து சேக்கறதுக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“மண்டபத்து லொகேசனை அனுப்பட்டுங்களா மாமா?” என்று செந்தில் போனை எடுத்தார்.

“எனக்கெதுக்குங்க மாப்ள லொகேசனு? காரமடைத் தேர்க்கடையில பலூன் வாங்கின காலத்துல இருந்து எனக்கு அந்த ஊர் அத்துபடி.”

பத்தே கால் முதல் பதினோரு மணிக்குள் குத்திவிட வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். கவிதா வாசல் வரைக்கும் வந்தாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு, “பத்து மணிக்குங்க மாமா” என்றாள்.

திரும்பும் வழியில் கார் நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, “வாட்டர் பம்பு போயிருச்சுங்க மொதலாளி” என்றான். பம்புக்காரன் வண்டி பம்பு கெட்டு நிற்கிறது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்கார அம்மணி தேங்காய் பன் கொடுத்தார், நல்ல பன். நான் யார் என்று சொன்னேன். “அப்படீங்களா” என்றார். உங்கள் கிணற்றில் எந்தப் பம்புங்க ஓடுகிறது என்று கேட்டதற்கு வேறொரு கம்பெனிப் பெயரைச் சொல்லி, “இருவது வருசமா ஒரு மக்கர் இல்லீங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். பன்னைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் கால் டாக்சி போடுகிறேன் என்றான். எனக்கு வீம்பு. பஸ்ஸில் போகிறேன் என்றேன். பஸ் ஏறி இருபது வருஷம் இருக்கும். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, பைக்குள் தோட்டுப் பெட்டி. ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. பக்கத்தில் காரமடைக்காரம்மா ஒருவர், தோட்டத்தில் கருவேப்பிலை போட்டிருக்கிறாராம். சேலையிலேயே கருவேப்பிலை வாசம். ஜெர்மன் ரயிலில் நாலு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்து ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. இந்த அம்மா துடியலூர் தாண்டுவதற்குள் தன் மருமகள் சம்பளம் வரைக்கும் சொல்லிவிட்டார். மலை தெரிந்தது, காற்று நன்றாக வந்தது. நடத்துநர் என் வயதைப் பார்த்து நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, நிழலாக இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, “பாத்து எறங்குங்கய்யா” என்றார். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

அந்தத் தெருவில் ஒன்றை அடுத்து ஒன்றாக மூன்று மண்டபம். மூன்றிலும் வாழைமரம், மூன்றிலும் மைக் செட், மூன்றின் வாசலிலும் குழந்தை படம் போட்ட பிளெக்ஸ். மண்டபத்தின் பெயர் பத்திரிகையில் இருந்தது; பத்திரிகை வீட்டில் இருந்தது. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கார் அதிகமாக நின்றிருந்த முதல் மண்டபத்துக்குள் நுழைந்தேன். நம் வீட்டு விசேஷம் என்றால் கார் அதிகமாகத்தானே நிற்கும் என்று நினைத்தேன். பிளெக்ஸில் எழுத்தும் இருந்தது. படத்தைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. நம் கண்ணுக்குக் குழந்தைகள் எல்லாம் ஒன்றுதான்.

வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க வாங்க வாங்க. ஏனுங்க இத்தனை நேரம்? ஊட்டுல அம்மா வரலீங்களா?”

“அவ நேத்தே வந்துட்டாளுங்களே” என்றேன்.

“அப்படீங்களா, சந்தோசம். மொதல்ல சாப்புட்டுருங்க, மத்ததெல்லாம் பொறவு.”

சந்தனம், கல்கண்டு, பன்னீர். ஆளுக்கு ஆள் கும்பிடு. ஜெர்மனியில் ஒரு பாக்டரிக்குள் போக மூன்று இடத்தில் என்னைப் பெயர் கேட்டார்கள், சட்டையில் ஒரு அட்டையை மாட்டினார்கள். நம் ஊரில் விசேஷத்துக்கு வந்த மனுசனைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்பதைவிடப் பெரிய குற்றம் இல்லை. தெரியாத முகம் என்றால் எதிர்ப்பக்கத்து ஒறம்பரை, அந்த வழிச் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களும் வைத்துக்கொண்டார்கள். நானும், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையே என்று பார்த்துவிட்டு, எல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சனம்போல என்று வைத்துக்கொண்டேன். என் சொந்தத்தில் பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த விசேஷத்துக்கு நான் போயிருக்கிறேன்?

இட்லி, பணியாரம், பொங்கல், கேசரி. கேசரியில் நெய் மிதந்தது. பாயசம் ஊற்றும்போது தடுத்த கையில் பட்டு, வேட்டியில் கொஞ்சம் சிந்தியது. காபி குடித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். அவரிடம் என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பட்டறை, முதல் லேத், முதல் பம்பு, ஜெர்மனி, சீனா. அவர் ஒவ்வொன்றுக்கும், “சேரிதானுங்க” என்று தலையாட்டினார். இப்படிக் கேட்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். கவிதாவையும் என் வீட்டுக்காரியையும் காணோம்; உள்ளே குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மணி பத்தே முக்கால் ஆயிற்று. மேடையில் ஒரு அசைவும் இல்லை.

“பாருங்க, நேரம் போகுது” என்றேன் பெரியவரிடம். “நம்ம சனத்துக்கு நேரத்தோட அருமையே தெரியறதில்லீங்க. என்ற பாக்டரியில ஒரு நிமிசம் பிந்துனா கேட்டைச் சாத்திருவேன்.”

“சேரிதானுங்க” என்றார்.

பதினோரு மணி அடித்த பிறகு மைக்கில், “தாய்மாமன் மேடைக்கு வாங்க” என்று கூப்பிட்டார்கள். எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். கூட்டம் வழிவிட்டது. ஜமுக்காளத்தில் மணையைப் போட்டிருந்தார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யாரோ ஒரு அம்மா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மொட்டைத் தலையில் சந்தனம், வெதுவெதுவென்று இருந்தது. என் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து தோட்டை ஆசாரி கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் மேடை சத்தமில்லாமல் இருப்பது தெரிந்தது. குழந்தையின் அம்மா, பச்சைப் பட்டுச் சேலை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், “பெரியவங்களுக்கு எந்த ஊருங்க?” என்றாள்.

“பீளமேடு கண்ணு. கவிதா எங்க?”

“எந்தக் கவிதாங்க?”

குனிந்து பார்த்தேன். மடியில் இருந்த குழந்தை குட்டி வேட்டி கட்டியிருந்தது. கவிதாவுக்குப் பெண் குழந்தை.

படியில் ஒரு இளைஞர் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் புதுத்துணியும் தோடும். அவர்தான் அந்தக் குழந்தையின் மாமன். அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “பரவால்லீங்கய்யா, எந்திரிக்காதீங்க” என்றார் அவர். “பெரியவங்க மடி நல்லதுதானுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

குழந்தையை அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டு எழப் பார்த்தேன். அவரே கை கொடுத்துத் தூக்கினார். ஆசாரி தோட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் ஒரு பெண் குரல், மெதுவாகத்தான், “பாவம், ஞாபக மறதியாட்ட இருக்குது. தனியா எப்படித்தான் உட்டாங்களோ” என்றது. முன்வரிசைப் பெரியவர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். அவரை மட்டும் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் ரோடு வரைக்கும் கூடவே வந்தார். “அக்கட்டால மூணாவது மண்டபமுங்க. அங்கதான் இன்னொரு காதுகுத்து நடக்குது. தப்பா நெனச்சுக்காதீங்க, நாங்க வாசல்லயே கேட்டிருக்கோணும்” என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். பதினாலு தடவை கூப்பிட்டிருந்தார்கள்.

மூன்றாவது மண்டபத்து வாசலில் கவிதா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். மணி பதினொன்று இருபது. குழந்தை அழுது அழுது தூங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத எனக்குப் படிப்புப் பத்தாது.

“என்னாச்சுங்க மாமா? ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “பஸ்ஸு கெட்டுப்போயி வழியில நின்னுருச்சு கண்ணு” என்றேன்.

சொன்ன உடனே எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். செந்திலின் அம்மா என்னிடம் வந்து, “உங்க மருமக பண்ணுன கூத்தைக் கேளுங்க” என்றார். “நேரம் போகுது, எம் மச்சுனன் மடியில வெச்சுக் குத்திரலாம், தோட்டைப் பொறவு மாத்திக்கலாம்னு எல்லாரும் சொல்லிப்போட்டோம். எம் மாமன் வருவாரு, வராம புள்ளையக் குடுக்க மாட்டேன்னு வாசல்ல போயி நின்னுக்கிட்டா. ஒரு மணி நேரமா நிக்கறா.”

“பஸ்ஸு நின்னா அவரு என்னங்க அத்தை பண்ணுவாரு?” என்று கவிதா எனக்காக அவரிடம் சண்டைக்குப் போனாள்.

குறித்த நேரம் தப்பித்தான் காது குத்தினார்கள். இரண்டாவது தடவையாக மணையில் உட்கார்ந்தேன். தூங்குகிற குழந்தையை மடியில் வைத்தார்கள். ஊசி பட்டதும் முழித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து அலறியது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு அந்த மடியில் இன்னொரு குழந்தையின் சூடு இருந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது.

என் வீட்டுக்காரி மட்டும் பக்கத்தில் வந்து என் வேட்டியைப் பார்த்தாள். “இதென்னங்க, பாயசமா?”

“பஸ்ஸுல ஒரு கொழந்தை கொட்டிருச்சு.”

“பஸ்ஸுலயா” என்றாள். நாற்பது வருஷத்தில் அவள் கேட்காமல் விட்டது எத்தனையோ.

பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. மாமன் காலையிலிருந்து பட்டினி, வெயிலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பரிமாறினார்கள். வடை இரண்டு, ஒப்புட்டு இரண்டு. தொண்டை வரைக்கும் இன்னொருத்தர் வீட்டுப் பொங்கல் இருக்கிறது. கவிதா தானே நெய் கொண்டுவந்து ஊற்றினாள். இலைக்கு எதிரே குந்திக்கொண்டாள்.

“ஏனுங்க மாமா, எறங்கவே மாட்டேங்குது? நேரம் போனதுக்கு வெசனப்படறீங்களா? உடுங்க. எனக்குக் காது குத்துனது யாரு மடியிலன்னே தெரியாது. எம் புள்ளைக்கு எம் மாமன் மடி. அது போதுங்க எனக்கு.”

தலையைத் தூக்காமல் அத்தனையும் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொள்ள அன்றைக்கு அந்தத் தண்டனை ஒன்றுதான் கையில் இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் செந்தில் வந்தார். “மாமா, எந்த பஸ்ஸுங்க? ஓனரு யாரா இருந்தாலும் நம்ம சிநேகிதனுக்குத் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு. பெரியவங்களை நடுவழியில நிறுத்துவானா? டிரைவரு கண்டக்டரு ரெண்டு பேரையும் ஒரு வாங்கு வாங்கோணும்” என்றார். நம்பர் பார்க்கவில்லை என்றேன். வண்டி நிறம் கேட்டார். அதுவும் ஞாபகம் இல்லை என்றேன். நிழல் பார்த்து என்னை இறக்கிவிட்ட மனுசன் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது.

திரும்பும்போது அவர்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். வழியெல்லாம் பஸ்ஸைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் சொல்லிவிடுவது என்று சோமனூர் போனேன். தறியை நிறுத்தினார்கள், காபி கொடுத்தார்கள், கவிதா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். வாயால் சொல்கிற தைரியம் இந்த ஆளுக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதினால் இந்த இதழைக் கவிதா விடாமல் படிப்பாள். தறியை நிறுத்தச் சொல்லிச் செந்திலுக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாள். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ் கெட்டுப்போகவில்லை கண்ணு. பத்து மணிக்கு முன்னாலேயே என்னைக் காரமடையில் இறக்கிவிட்டுவிட்டது.